தலைப்பாகை கட்டிய இசைக்குழு

நேற்று எடிசனில் ஒரு வளைகாப்பு விருந்துக்கு என் மகள் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். ஹாலுக்குள் நுழைந்ததுமே அந்த வாசனை. சாப்பாட்டு ட்ரேக்கள் ஆறாமல் இருக்க அடியில் டப்பா டப்பாவாக வைத்துக் கொளுத்துவார்களே, நீலமாக எரியும் ஜெல், அதுவும் பொரித்த எண்ணெயும் கலந்து மூக்கில் ஏறியது. கையில் வாங்கிய தட்டை அப்படியே வைத்துவிட்டு பார்க்கிங் லாட்டில் வந்து நின்றேன். மகள் பின்னாலேயே ஓடிவந்து, சுகர் இறங்கிவிட்டதா என்று கேட்டாள். சுகர் இல்லை, சிநேகிதா, உன் நினைவு வந்துவிட்டது, இதை அவளிடம் எப்படிச் சொல்வது? ஜூஸ் கொண்டுவரச் சொல்லி அனுப்பிவைத்தேன்.

நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது உனக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. ஆனால் அதை மட்டும் எழுதினால் எனக்கு மனசு ஆறாது. அன்றைக்கு அந்த அறுபதாம் பிறந்தநாள் பார்ட்டியில் நடந்ததை இங்கே ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். பாதிப் பேர் உனக்கு அன்று குடிபோதை என்கிறார்கள். காப்பியைத் தவிர வேறெதையும் தொடாத உனக்கு! அதனால் நடந்தது நடந்தபடி ஒருதரம் எழுதிவிடுகிறேன்.

திருச்சிக்குப் பக்கத்தில் செக்கோஸ்லோவாகியா உதவியோடு பாய்லர் தொழிற்சாலை எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. கல்யாணமாகாத இளம் இன்ஜினியர்கள் சிலரைப் பயிற்சிக்கு அங்கே அனுப்பினார்கள். நீயும் நானும் போய் இறங்கிய ஊர், பெயரைச் சொன்னால் அந்த நாட்டுக்காரர்களே யோசிப்பார்கள், அவ்வளவு சின்னது. ஒரு பாய்லர் தொழிற்சாலை, ஒரு சர்க்கரை ஆலை, கலங்கலாக ஓடும் ஒரு ஆறு. அந்த ஊருக்கு ஒரு சிம்பொனி இசைக்குழு இருந்தது என்பதை நம் ஊரில் யாரும் நம்பவில்லை. நாம் அவர்களை முதலில் கேட்டது கச்சேரி ஹாலில்கூட இல்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் லேத்துகளை நிறுத்திவிட்டு, பாய்லர் டிரம்களுக்கு நடுவே நாற்காலி போட்டு வாசித்தார்கள். வெல்டர்கள் ரொட்டியைக் கடித்தபடி நின்று கேட்டார்கள். நான் சத்தம் பெரிதாக இருந்தது என்று மட்டும் நினைத்தேன். நீ சாப்பிடவே மறந்துபோய் நின்றாய்.

அந்தக் குழுவில் டபுள் பாஸ் வாசித்த கரெல் வீட்டு மாடியில்தான் நமக்கு அறை கிடைத்தது. ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும் அந்த வாத்தியத்தைக் கைவண்டியில் வைத்துப் பனியில் தள்ளிக்கொண்டு போவார். நீ பின்னால் பிடித்துக்கொண்டு போவாய். அவருடைய மகள் ஹனாவுக்கு அப்போது எட்டு வயதிருக்கும். உன் அம்மா கொடுத்தனுப்பிய எலுமிச்சை ஊறுகாயை ஒருநாள் வாயில் போட்டுக்கொண்டு வீடே அதிர அழுதாளே, அந்தப் பெண். மறுநாளே இன்னும் கொஞ்சம் கேட்டு வந்தாள்.

குழுவின் கதையைக் கரெல் நமக்குத் தவணை தவணையாகச் சொன்னார். நமக்கிருந்த அரைகுறைச் செக் மொழியில் புரிந்தது இவ்வளவு. முதல் உலகப் போருக்கு முன்னால் ஊர்த் தீயணைப்புப் படையின் பேண்டில் ஊதிக்கொண்டிருந்தவர்களும் இரண்டு மூன்று பள்ளி ஆசிரியர்களும் சேர்ந்து ஆரம்பித்தது. அந்த ஊரில் செக் மக்களும் ஜெர்மன்காரர்களும் யூதர்களும் இருந்தார்கள். கடைத்தெருவில் பேசிக்கொள்ளாதவர்கள்கூட அந்தக் குழுவில் ஒரே இசைத்தாள் ஸ்டாண்டைப் பார்த்து வாசித்தார்கள். பிறகு ஹிட்லரின் படை வந்தது. இரண்டாம் வயலின் வரிசையில் மருந்துக்கடைக்காரர் ஒருவர் இருந்தார், யூதர். இனிமேல் வர வேண்டாம் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. யாரும் வாயைத் திறக்கவில்லை. அந்த வாரமே கச்சேரி இருந்தது. கொஞ்ச நாளில் அவரை ரயிலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. போர் முடிந்ததும் ஜெர்மன்காரர்களை ஊரைவிட்டு விரட்டினார்கள். ஹார்ன் வாசித்தவர்கள் எல்லாரும் அவர்கள்தான். ஒரு வருஷம் ஹார்ன் இல்லாத இசையாகத் தேடித்தேடி வாசித்தார்களாம். அதற்கப்புறம் கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சி. சம்பளம் வந்தது, கூடவே கண்காணிக்க ஆளும் வந்தான்.

இதைச் சொன்ன அன்று கரெல் கொஞ்சம் குடித்திருந்தார். மருந்துக்கடைக்காரர் இல்லாத அந்தக் கச்சேரியைப் பற்றி அவர் சொன்னதை நீ திரும்பத் திரும்ப என்னிடம் சொல்லியிருக்கிறாய். "அன்றைக்கு நாங்கள் நன்றாக வாசித்தோம். அதுதான் எனக்குக் குமட்டுகிறது."

பயிற்சி முடிந்து ஊர் திரும்பினோம். கல்யாணம், குவார்ட்டர்ஸ், பிரமோஷன், ரிட்டையர்மென்ட் எல்லாம் முறையாக வந்து போயின. கடைசியில் இரண்டு பேரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு நியூ ஜெர்சிக்கு வந்து சேர்ந்தோம், நான் மகள் வீட்டுக்கு, நீ மகன் ரமேஷ் வீட்டுக்கு. குளிர் மாதங்களில் மாலுக்குள் கடைகடையாக நடந்தோம். அது ஒன்றும் மோசமான காலம் இல்லை.

ரமேஷின் முதலாளியை எல்லாரும் சேர்மன் என்றுதான் கூப்பிடுவார்கள். சென்னையிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும் பையன்களை விசாவில் கூட்டிவந்து அமெரிக்கக் கம்பெனிகளுக்கு வாடகைக்கு விடும் கன்சல்டிங் கம்பெனி. அந்தப் பையன்களின் கிரீன் கார்டு விண்ணப்பம் அந்த ஆள் கையில். ரமேஷுடையதும் அங்கேதான் இருந்தது, ஏறக்குறைய முடியும் கட்டத்தில். சேர்மனுக்கு அறுபது வயது ஆனது. காலையில் கோயிலில் ஹோமம், சாயங்காலம் பாங்க்வெட் ஹாலில் பார்ட்டி. பார்ட்டியில் அவர் உள்ளே வரும்போது வாசிக்க ஐரோப்பாவிலிருந்து ஒரு முழு சிம்பொனி. பஸ்ஸில் அமெரிக்கா சுற்றிக்கொண்டிருந்த ஒரு குழுவுக்கு அன்று கச்சேரி இல்லை, அந்த மாலையை அவர் வாங்கிவிட்டார்.

அவர்களிடமிருந்து வந்த ஃபேக்ஸ் தாளில் ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டு ரமேஷ் உன்னிடம் ஓடிவந்தான். "அப்பா, நீங்க இருந்த ஊர்தானே இது? சேர்மன்கிட்ட சொல்லிட்டேன், நீங்கதான் வெல்கம் ஸ்பீச்." உன் முகத்தை நான் பார்த்தேன். அடுத்த இரண்டு வாரம் மாலில் நடக்கும்போதெல்லாம் என்னோடு செக்கில் பேசிப் பார்த்தாய். எனக்கு எண்களும் ரொட்டியின் பெயரும் தவிர எல்லாம் மறந்திருந்தது. உனக்கு இலக்கணத்தோடு நினைவிருந்தது. பழைய சூட்டைப் பிரித்துத் தைக்க ஐசலினில் டெய்லரிடம் கொடுத்தாய்.

அன்று நாம் சீக்கிரமே போய்விட்டோம். வாசலில் பேனர். ஊர்ப் பெயர் எங்கும் இல்லை. ஐரோப்பாவின் ராயல் சிம்பொனி என்று தங்க எழுத்தில் போட்டிருந்தார்கள். "அந்த நாட்டுல ராஜாவே கிடையாதேடா" என்று சிரித்தாய். அதுவரை உனக்குச் சிரிப்புதான்.

அவர்களைத் தேடிப் பின்பக்கம் போனோம். சமையலறைக்கும் சரக்கு இறக்கும் கதவுக்கும் நடுவில் இருந்த நடைபாதையில் நின்றுகொண்டிருந்தார்கள், உட்கார நாற்காலிகூட இல்லை. மத்தியானம் மீந்த பஜ்ஜியைக் காகிதத் தட்டில் வாங்கி, குப்பைப் பைகளுக்குப் பக்கத்தில் நின்று தின்றுகொண்டிருந்தார்கள். நரைத்தவர்கள் சிலர், மற்றவர்கள் சின்னப் பசங்கள். கறுப்புக் கோட்டுகள் பெட்டியில் மடங்கிக் கிடந்த கசங்கலோடு இருந்தன. ஒரு மேஜை நிறைய ஆரஞ்சு நிறத் தலைப்பாகைகள், ஜிகினா வைத்து, குஞ்சலம் தொங்க. பார்ட்டி ஏற்பாட்டுக்காரப் பெண் ஒருத்தி ஒவ்வொருவர் தலையிலும் அமுக்கி வைத்துக்கொண்டு வந்தாள். "சேர்மன் ஒரு மகாராஜா என்ட்ரி கேட்டிருக்கார் அங்கிள், தீம்" என்றாள் நம்மைப் பார்த்து.

நீ அவளைத் தாண்டிப் போனாய். செக்கில் வணக்கம் சொன்னாய். எல்லாரும் திரும்பினார்கள். வயோலாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்ற ஒரு பெண் நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சந்தேகத்தோடு, "ஊறுகாய்?" என்றாள். நாற்பதைத் தாண்டியிருந்த ஹனா. தலையில் அந்தக் கண்றாவி.

அவள் சொன்னதை நீதான் எனக்குத் தமிழில் சொன்னாய். கரெல் இறந்துபோயிருந்தார். ஆட்சி மாறியதும் நகராட்சி கையை விரித்துவிட்டது. கச்சேரி ஹாலை விற்று, இப்போது அங்கே சோபாவும் கட்டிலும் விற்கிறார்கள். பாதி வாத்தியக்காரர்கள் போய்விட்டார்கள், இந்தச் சின்னப் பசங்கள் பஸ் ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால் சேர்க்கப்பட்ட மாணவர்கள். தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு கதவருகே சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தானே மேனேஜர், அவன்தான் அந்தக் காலத்தில் கட்சி வைத்த கண்காணிப்பாளன். யார் யாரோடு பேசுகிறார்கள் என்று மேலிடத்துக்குச் சொன்னவன், இப்போது குழுவின் பெயரையே தன் பெயரில் பதிந்து வைத்திருக்கிறான். இதைச் சொல்லும்போது ஹனாவுக்குக் கோபம்கூட இல்லை. ரயில் தாமதம் என்பதுபோலச் சொன்னாள்.

அதற்குள் ரமேஷ் வந்து உன்னைக் கூட்டிப்போய்விட்டான். சேர்மன் ஆபீஸில் அடித்துக்கொடுத்த பேப்பர் உன் கையில். அரண்மனைகளில் வாசித்த குழு, இசைக்காக வாழும் நம் சேர்மன், இத்யாதி. ஹாலில் வட்ட மேஜைகள், ஓரத்தில் அந்த நீல நெருப்புகள். ஜனங்கள் வாசிப்பு ஆரம்பிக்கும் முன்பே தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். மேடையில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். டபுள் பாஸ் வாசித்த பெரியவரின் தலைப்பாகை நெற்றியில் சரிந்து, ஒரு கண்ணை மறைத்தது. முதல் மேஜையில் இருந்தவர்கள் அதைப் பார்த்துச் சிரித்து, கேமராவை நீட்டினார்கள்.

நீ மைக்குக்கு முன்னால் போய் அவர்களைத் திரும்பிப் பார்த்தாய். அப்புறம் பேப்பரை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தாய்.

நீ ஆங்கிலத்தில்தான் தொடங்கினாய், மெதுவாக, பாய்லர் டிராயிங்கை விளக்குகிறவன் மாதிரி. இவர்கள் எந்த அரண்மனையிலும் வாசித்ததில்லை, என் மாதிரித் தொழிலாளிகளுக்கு வாசித்தவர்கள் என்றாய். ஊரின் பெயரைச் சொன்னாய். தீயணைப்புப் படை, பள்ளி ஆசிரியர்கள், மருந்துக்கடைக்காரர், விரட்டப்பட்ட ஹார்ன்காரர்கள், சோபாக் கடை, எல்லாம். ஹாலில் கரண்டிச் சத்தம் குறைந்தது. பிறகு அவர்கள் பக்கம் திரும்பிச் செக்கில் பேசினாய். எனக்கு எல்லாம் புரியவில்லை, ஆனால் கரெலின் பெயரும், அவர் நம்மிடம் சொன்ன அந்த வாக்கியமும் புரிந்தது. ஹனா வயோலாவை மடியில் இறக்கி வைத்தாள். கடைசியாக நீ சொன்னது சின்ன வாக்கியம், கெஞ்சுவதுபோல இருந்தது. பின்வரிசையில் ஹார்ன் வைத்திருந்த நரைத்த மனிதர் தலைப்பாகையைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் போட்டார். அப்புறம் டபுள் பாஸ்காரர். ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். எல்லாரும் இல்லை. சின்னப் பசங்களில் சிலர் மேனேஜரைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

நிகழ்ச்சி நடத்துகிறவன் மைக்கைப் பிடுங்கி, "அங்கிள் கொஞ்சம் எமோஷனல் ஆயிட்டார், கிவ் ஹிம் எ ஹேண்ட்" என்றான். கை தட்டினார்கள்! அதைத்தான் என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை. நீ பேசியது காதில் விழுந்த பிறகும், கேக் வெட்டியதற்குத் தட்டுகிற மாதிரியே தட்டினார்கள். கதவு திறந்தது, சேர்மன் குடைபிடிக்க ஆளோடு உள்ளே வந்தார், பல் தெரியச் சிரித்தபடி. இசைக்குழு வாசித்தது. ஜனங்கள் மறுபடி பிரியாணி வரிசைக்குப் போனார்கள்.

பார்க்கிங் லாட்டில் ரமேஷ் காரைத் திறக்காமல் நின்றான்.

"அப்பா, என் கிரீன் கார்டு அவர் கையில இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"அவங்களை அந்தக் கோலத்துல பாத்துட்டு அந்தப் பேப்பரைப் படிச்சிருந்தா, அங்கேயே வாந்தி எடுத்திருப்பேன்டா" என்றாய்.

"எடுத்திருக்கலாமே" என்றான் ரமேஷ். "அதுக்கு யாரும் என்னை வேலையை விட்டுத் தூக்க மாட்டாங்க."

நீ காரில் ஏறிக்கொண்டாய். நான் ஹனாவிடம் விடைபெற பஸ்ஸுக்குப் போனேன். அவள் அணைத்துக்கொள்வாள், நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்துப் போனவன் நான். ஆனால் மேனேஜர் குழுவின் அன்றைய சம்பளத்தைப் பிடித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டான். அவளுக்குத் தெரிந்த உடைந்த ஆங்கிலத்தில் பேசினாள். "நீங்கள் வீட்டுக்குப் போய்விடுவீர்கள். எங்களுக்கு நாளைக்கு வேறு ஊர், வேறு தொப்பி." பஸ் படியில் கால் வைத்தவள் திரும்பி, "அந்தக் கச்சேரியைப் பற்றி அப்பா எங்களிடம் சொன்னதே இல்லை. உங்களிடம் சொல்லியிருக்கிறார்" என்றாள். அது கோபமா வேறேதாவதா என்று எனக்குப் புரியவில்லை. பஸ் போய்விட்டது. மறுநாள் மாலில் இதை உன்னிடம் சொன்னபோது, நடையை நிறுத்தி ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாய். "அவ சொல்றது சரிதான்" என்று மட்டும் சொன்னாய்.

அப்புறம் நடந்தது எல்லாம் ஈனத்தனம். சேர்மன் கோபமே காட்டவில்லை. ரமேஷைத் தோளில் தட்டினார். இரண்டு வாரத்தில் அவனைப் பிராஜெக்டிலிருந்து எடுத்து வேலை கொடுக்காமல் உட்காரவைத்தார்கள், பிறகு விண்ணப்பத்தில் ஏதோ சிக்கல் என்றார்கள், பிறகு வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். ரமேஷ் டெக்சஸில் ஒரு வேலையைப் பிடித்துக் கிரீன் கார்டை முதலிலிருந்து ஆரம்பித்தான். வீட்டில் உனக்குச் சாப்பாடு மேஜையில் மூடி வைக்கப்பட்டிருக்கும், கூட உட்கார ஆள் இருக்காது. கோயிலில் நம்மைக் கண்டதும் செருப்பு மாட்டுவதில் மும்முரமாகிவிடும் ஆட்களை நீயும் பார்த்தாய். எனக்கு எல்லாரையும்விடக் குமட்டலாக இருந்தது ஓக் ட்ரீ ரோடு மளிகைக் கடையில் வந்தவன்தான். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, வெண்டைக்காய் பொறுக்குவதுபோலக் குனிந்துகொண்டு, "சூப்பரா பேசினீங்க அங்கிள்" என்று கிசுகிசுத்தானே. நீ அவனுக்கு நன்றி சொன்னாய். எனக்கு அந்தப் பெருந்தன்மை வராது.

ரமேஷ் டெக்சஸுக்குக் கிளம்பியபோது நீ கூடப் போகவில்லை. திருச்சிக்கே போகிறேன் என்றாய். நுவர்க் ஏர்போர்ட்டில் உன்னைக் கேட்டேன், செய்ததற்கு வருத்தப்படுகிறாயா என்று. மழுப்புவாய் என்று நினைத்தேன்.

"பையனை நெனச்சா வருத்தமாத்தான் இருக்கு" என்றாய். "ஆனா அந்தப் பேப்பரை மறுபடி கொடுத்தாலும் படிக்க மாட்டேன்."

அதுதான் நான் உன்னைக் கடைசியாகப் பார்த்தது. ஊரில் மாரடைப்பு வந்து நீ போய்விட்டாய் என்று ரமேஷ்தான் போன் பண்ணினான். அவனால் போக முடியவில்லை, விசா பேப்பர்கள் நடுவழியில் இருந்தன. என்னிடம் தகவலைச் சொல்லிவிட்டு உடனே வைத்துவிட்டான். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. எனக்கு அவன்மேலும் அருவருப்பாக இருந்தது, மறைப்பானேன்?

இனிமேல்தான் செய்தி. போன வாரம் ரமேஷ் டெக்சஸ் ரவுண்ட் ராக்கிலிருந்து கூப்பிட்டான். இந்த வருஷம் எங்கே பார்த்தாலும் ஆட்களை வீட்டுக்கு அனுப்புகிறார்கள், உனக்குத் தெரியாது. அவன் வேலை செய்வது ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி, அதில் இப்போது அவன் மேனேஜர். அவன் டீமில் பாதிப் பேரை ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டு, வேலை போய்விட்டது என்று சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். சொல்ல வேண்டிய வாக்கியங்களை மேலிடமே எழுதிக் கொடுத்ததாம். விசாவில் இருந்த பையன்களும் அதில் உண்டு. ஒருத்தன் மனைவிக்கு நிறைமாதம். அவர்கள் எழுதிக்கொடுத்ததை ரமேஷ் வரி பிசகாமல் படித்திருக்கிறான். மேலதிகாரி கூப்பிட்டுப் பாராட்டியிருக்கிறார்.

"அன்னிக்கு அந்த பார்ட்டியில அப்பா என்ன பேசினார் அங்கிள்?" என்று கேட்டான். "நான் கேக்கவே இல்ல. சேர்மன் வர்ற கதவைத்தான் பாத்துட்டு இருந்தேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். தீயணைப்புப் படையில் ஆரம்பித்து வரிசையாக, கரெல் சொன்னதையும் சேர்த்து. ஹனா சொன்னதையும் விடவில்லை, உன்னை நான் தெய்வமாக்கப் போவதில்லை. அவன் நடுவில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

"நாலு நாளா சோறு எறங்கல அங்கிள்" என்றான்.

அது உன் வேலைதானே, நீ என்ன பண்ணுவாய் என்று ஒரு வார்த்தை சொல்லி அவனை ஆற்றியிருக்கலாம். என் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் உன்னோடு இத்தனை வருஷம் நடந்ததில் எனக்குள் தங்கிப்போன ஒன்று அதைச் சொல்ல விடவில்லை. ஒருவனுக்குத் தன்மேலேயே அருவருப்பு வரும்போது, ஓடிப்போய்த் துடைத்துவிடக்கூடாது.

"எறங்காதுப்பா" என்றேன். "அந்தப் பசங்களோட நம்பர் இருக்கா உங்கிட்ட?"

இருக்கிறது என்றான்.

"பொண்டாட்டிக்கு நிறைமாசம்னு சொன்னியே, அவனை முதல்ல கூப்பிடு."